கத்தல் மரு

மூத்த மகள் பெரியவளின் மருத்துவமனைக் கோப்பில், வயதுக்கும் எடைக்கும் கீழே ஒரு வரி இருக்கிறது: 'தகவல் தந்தவர்: தாய். நம்பகமானவர்.' எழுதியவர் ஒரு பயிற்சி டாக்டர். அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லாக் குழந்தைகளின் கோப்பிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தகவல் தருகிறவர் நிதானத்தில் இருக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை என்றால் அவர் நம்பகமானவர். பெற்றவளே பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்வாளா என்ற பெருந்தன்மையும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

சொன்னாள். மை காய்வதற்குள் மூன்று பொய். குரல் கம்மி எவ்வளவு நாளாகிறது என்று கேட்டதற்கு, ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததை ரெண்டு மாசம் என்றாள். மருந்துக் கடையில் தானாகவே வாங்கி ஊற்றிய சிரப்புகள் ஒரு அலமாரித் தட்டை அடைத்துக்கொண்டிருக்க, மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்றாள். இந்த இரண்டும் எல்லாத் தாய்மாரும் டாக்டருக்குப் பயந்து சொல்லும் பொய்கள். மூன்றாவதுதான் அவளுடையது.

அவளுக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கர் வேலை. கம்பெனியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் செக்கரக்கா. குழல் விளக்குகள் தாழத் தொங்கும் நீண்ட மேசையில், தைத்து முடித்த சட்டைகள் வந்து விழும். காலரில் தொடங்கி, தோள், கை, பட்டன் துளை, பக்கத் தையல் என்று கையை ஓட்டி, குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்டிக்கர் ஒட்ட யாராலும் முடியும். அந்தக் குறை எங்கே பிறந்தது என்று சொல்வதில்தான் செக்கரக்காவுக்குப் பேர். வெட்டினவன் தப்பா, தைத்தவள் தப்பா, மழுங்கின ஊசியா என்று தொட்டதும் சொல்லிவிடுவாள். "அக்கா, இது என் கை இல்ல" என்று யாராவது ஆரம்பித்தால், "உன் கைதான். மூலைக்கு வந்தா வலப்பக்கம் இழுப்ப. சாப்பாட்டு நேரம் நெருங்கினா இன்னும் கொஞ்சம் இழுப்ப" என்பாள். சூப்பர்வைசர்கூட அந்த மேசைக்கு அரை அடி தள்ளியே நிற்பான். அடுத்தவர் தப்பின் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள், ஒரே ஒரு தப்பின் பிறப்பிடத்தை மட்டும் வருடக்கணக்காக மடித்து வைத்திருந்தாள். அது தப்பே இல்லை என்பது வேறு விஷயம்.

பெரியவள் மூன்று வயது வரைக்கும் தெருவுக்கே கேட்கிற பிள்ளை. குளிக்க மாட்டேன் என்று கத்துவாள். குளிப்பாட்டி முடித்தால், இன்னும் குளிக்க வேண்டும் என்று கத்துவாள். பக்கத்து வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டால், தம்பி முதலில் நலம் விசாரிப்பது இவளைத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் குரல் ஒருநாள் கம்மியது. சளி என்று நினைத்தார்கள். சளி போனது, கம்மல் போகவில்லை.

தெருமுனை டாக்டர் நாக்கைக் குச்சியால் அமுக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் குரல்வளை தெரியாது. அவருக்கும் அது தெரியும். ரொம்பக் கத்துவாளா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் கத்திக் கத்திக் குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கும், கொஞ்ச நாள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கம்மிய குரலோடு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது சரியான பதில். சரியான பதில் தவறான பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

செக்கரக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் 'கத்தாத' என்பது 'சாப்பிடு', 'தூங்கு' மாதிரி ஒரு தினசரிச் சொல் ஆனது. பிள்ளை வாயைத் திறந்தால் இவள் விரல் உதட்டுக்குப் போகும். அவள் கணவன் கார் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரே பெயின்டர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, வீட்டுல ரெண்டு நிமிஷ மௌன அஞ்சலியா? போனது யாரு?" என்பான். பிள்ளை சிரிக்கும். சிரிப்புக்கும் விரல் உதட்டுக்குப் போகும். சில மாதங்களில் பெரியவள் தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டவும், கோபம் வந்தால் செருப்பை உதைக்கவும் கற்றுக்கொண்டாள். பேசாத பிள்ளையின் குரல் எவ்வளவு குறைந்துகொண்டே போகிறது என்று யாருக்கும் தெரிய வழியில்லாமல் போயிற்று. மாடிப்படி ஏறும்போது மூச்சு விசிலடிக்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

அங்கே தொண்டை டாக்டர், ஐம்பது வயதுக்காரி, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த சிவப்பில் ஒரு கொத்து, பொடித் திராட்சை மாதிரி. நடுவில் மூச்சு போக ஒரு கீற்று. பெயின்டர் அட்மிஷன் போடக் கீழே போயிருந்தான். டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"இவ வயித்துல இருந்தப்ப, உங்களுக்குக் கீழ, பிறப்புறுப்புப் பக்கம், மரு மாதிரி ஏதாவது இருந்துச்சாம்மா?"

"இல்ல டாக்டர்."

இருந்தது. மூன்றாவது பொய் அதுதான். ஏழாம் மாதம் போல, சின்னச் சின்னதாக, காலிஃபிளவரை உதிர்த்துவிட்ட மாதிரி. உடம்புச் சூடு என்று நினைத்தாள். பரிசோதனையில் பார்த்த நர்ஸ், டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகச் சொன்னாள். அன்று அறையில் இருந்தவர் ஆண் டாக்டர். கழிவறைக்குப் போவது போல எழுந்து, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அது தானாகவே சுருங்கி மறைந்தது. மறைந்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

தொண்டை டாக்டர் அந்த 'இல்ல'யை இதற்கு முன்பும் நிறையத் தாய்மாரிடம் கேட்டிருக்க வேண்டும். அதன் மேல் கேள்வி போடாமல் விஷயத்தை மட்டும் சொன்னார். இது பாப்பிலோமா வைரஸால் வருகிற கட்டி. அந்த வைரஸில் நூற்றுக்கும் மேல் வகை உண்டு. சில வகை கையில் காலில் மரு போடும், சில வகை கருப்பை வாயில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும், வேறு இரண்டு வகை இந்த வேலையைச் செய்யும். கல்யாணம் ஆனவர்களில் பெரும்பாலானவர்கள் உடம்புக்குள் தாம்பத்தியம் வழியாக ஏதாவது ஒரு வகை எப்போதாவது வந்து, தெரியாமலே போய்விடும். பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தையின் தொண்டைக்குப் போவது உண்டு. போன எல்லாக் குழந்தைக்கும் கட்டி வராது, எத்தனையோ நூறில் ஒன்றுக்கு வரும். தலைப்பிள்ளைக்கு, இளம் வயதுத் தாய்க்கு, சுகப்பிரசவத்தில் கொஞ்சம் அதிகம்.

"இவ சுகப்பிரசவமா?"

ஆமாம் என்றாள். அதுவரை அந்த 'ஆமாம்' அவளுடைய பெருமைகளில் ஒன்று. ஒரு பகல் முழுக்க வலித்து, கத்தி படாமல் பெற்றவள் என்று சொந்தக்காரர்களிடம் அவளே சொல்லிக்கொள்வதுண்டு.

இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, உங்களுக்கு எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கடவுளைத் தவிர யாரும் சொல்ல முடியாது, ஆனால் நீங்களும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் முடித்தார். நல்ல டாக்டர். ஆனால் செக்கரக்காவின் காது 'தாயிடமிருந்து' என்ற சொல்லோடு கடையை மூடிவிட்டது. உங்கள் தப்பு இல்லை என்பது மூடின கடைக்கு வந்த சரக்கு.

நடைபாதையில் பெயின்டர் எதிரே வந்தான். தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்ன சொன்னார்கள் என்று கேட்டான். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்: உனக்கு எங்கேருந்து வந்துச்சு? அவன் சந்தேகப் பேர்வழி இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சந்தேகப்படாதவன் ஒரு தடவை ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பான் என்று எந்த முன்மாதிரியும் இல்லை.

"தொண்டையில மருவாம்," என்றாள்.

"தொண்டையிலயா? எதனால?"

"கத்தினதாலதான். கத்திக் கத்தி, அந்தக் காய்ப்பே மருவாயிடுச்சாம்."

"கத்தல் மருவா?" என்றான் அவன், புதிதாக ஒரு கார் மாடலின் பேரைக் கேட்டவன் போல.

அப்படித்தான் அந்த நோய்க்குப் பேர் வைக்கப்பட்டது. எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத நோய். அந்த வீட்டில் மட்டும் அதற்கு முழு வரலாறு உண்டு: கத்தினால் வரும், சிரித்தால் வளரும், குளிர்ந்த தண்ணீருக்குத் தடிக்கும். பின்னாளில் பெரியவள் போனில் 'கத்தல் மரு' என்று தேடிப் பார்த்தபோது கத்தரிச் செடியில் வரும் பூச்சிகளைப் பற்றித்தான் வந்தது. 'வைரஸ்' என்ற சொல் பெயின்டர் காதிலும் ஒருமுறை விழுந்தது. சளிக்கும் வைரஸ்தானே, புண்ணாகிக் கிடந்த தொண்டையில் வந்து உட்கார்ந்திருக்கும் என்று அவனே இணைப்பு கொடுத்துக்கொண்டான். டாக்டரிடம் பேசுவதெல்லாம் செக்கரக்காதான் என்பதால் அந்த இணைப்பு அறுபடவில்லை.

அன்று தோளில் இருந்த பிள்ளை தூங்கியிருக்கவில்லை.

அதன் பிறகு அறுவை சிகிச்சைகள். மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். சில வாரம் ஒரு குரல் மாதிரி ஏதோ வரும். பிறகு மறுபடி மூடும். இது புற்றுநோயாக மாறுவது அபூர்வம், ஆனால் வெட்ட வெட்ட வளரும். வெட்டுறது நம்ம வேலை, வளர்றது அதோட வேலை என்று டாக்டர் சொல்வார். வயது ஏற ஏற இடைவெளி கூடும் என்று நம்பிக்கையும் சொல்வார். கூடவும் செய்தது. நாண்களில் விழுந்த தழும்பு மட்டும் தங்கிவிட்டது. பெரியவளின் குரல், மணல் தாளைக் கண்ணாடியில் தேய்ப்பது போல ஒரு குரல் ஆனது. பள்ளியில் 'சைலன்சர்' என்று பட்டம் வைத்தார்கள். வண்டியில் சைலன்சர் என்ன செய்கிறது என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, பட்டம் வைத்தவர்களுக்கு விளக்கம் சொன்னாள். அப்படிப்பட்ட பிள்ளை.

ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் முன் அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு ஒன்று சொல்வாள்: "அம்மா, இந்த வாட்டி நான் கத்தவே இல்ல."

"தெரியும்மா," என்பாள் செக்கரக்கா.

கதவு மூடிய பிறகு அவள் அழுவாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் பிள்ளைக்காக அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலை அவள் வாங்கிக்கொண்டதுதான் அவளுக்கே தாங்காது.

பெயின்டர் தன் பங்குக்கு வேறொரு தீர்ப்பு எழுதிக்கொண்டான். கத்துகிற பிள்ளைகள் ஊரில் எத்தனையோ. இவளுக்கு மட்டும் ஏன் வந்தது? தன் சட்டையில் வீடு வரைக்கும் வந்த தின்னர் வாடையால்தான். வெயிலில் வெளுத்த ஒரு பழைய காரின் நீலத்தைக் கண்ணாலேயே பார்த்துக் கலந்து, ஒட்டுத் தெரியாமல் அடித்துவிடுகிறவன் அவன். அந்த வேலையை விட்டுவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்டருக்குப் போனான். ஊர் இன்னமும் பெயின்டர் என்றே கூப்பிடுகிறது. அவன் எடுத்துக் கொடுப்பது நட்டும் போல்ட்டும். அவன் வேலையை விடுவதாகச் சொன்ன சாயங்காலம் செக்கரக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பெயின்ட் வாடை நுரையீரலுக்குக் கெடுதல்தானே, விடட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். பொய்க்கு முட்டுக் கொடுக்க ஒரு உண்மை கிடைத்துவிட்டால் பொய் இன்னும் பத்து வருடம் நிற்கும்.

ஆக ஒரே வீட்டில் மூன்று பேர், ஒரே குற்றத்துக்குத் தனித்தனியாகச் சரணடைந்து, தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். எந்த நீதிபதியும் சிரித்துவிட்டு மூவரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். வழக்கு அவரிடம் போகவில்லை.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு செக்கரக்கா மறுபடி உண்டானபோது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று பிரசவ டாக்டரிடம் மன்றாடினாள். காரணத்தை முதல்முறையாக அங்கே மட்டும் சொன்னாள். இப்போது மரு எதுவும் இல்லை, கிழித்து எடுத்தாலும் வராது என்று உத்தரவாதம் இல்லை, அதற்காகக் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் மறுத்துவிட்டார். மனைவி வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்த பெயின்டர், "மொத வாட்டி பகல் பூரா தாங்கினவ நீ, இப்ப என்ன?" என்று தைரியம் சொன்னான். சின்னவள் சுகப்பிரசவத்தில்தான் பிறந்தாள். மற்ற தாய்மார் பிள்ளை அழுதால் தூக்குவார்கள். செக்கரக்கா இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று விட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள், தையலைத் தடவிப் பார்ப்பது போல. எங்கும் பிசிறில்லை. விசில் மாதிரி சுத்தமான குரல். அந்த மகிழ்ச்சியில் சின்னவளிடம் ஒருநாளும் 'கத்தாத' என்று சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் சின்னவள் கூரை பிய்யக் கத்துவாள்; பெரியவள் ஒரு மூலையில் உட்கார்ந்து அம்மாவின் விரல் உதட்டுக்குப் போகிறதா என்று பார்ப்பாள். போகாது.

சின்னவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த சில மாதங்களில் டீச்சர் வரச் சொல்லி அனுப்பினார். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குகிறாளாம். பாட்டு வகுப்பில் உதட்டை மட்டும் அசைக்கிறாளாம். வீட்டில் கொஞ்ச நாளாகச் சத்தம் குறைந்திருந்ததை, பள்ளிக்கூடம் போய் அடக்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பிள்ளையை மடியருகே இழுத்து, ஏன் பேசுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சின்னவள் எட்டிக் காதில் சொன்னாள்:

"அக்கா சொன்னா. கத்தினா தொண்டையில மரு வருமாம். அக்கா சின்னதுல கத்தி, அவளே வர வச்சுக்கிட்டாளாம். அப்புறம் வெட்டிக்கிட்டே இருக்கணும்."

டீச்சருக்கு அது சிரிப்பு விஷயம். அக்கா சும்மா மிரட்டியிருப்பாள், அப்படியெல்லாம் இல்லை என்று நீங்களே ஒருவார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். செக்கரக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, சாக்கடை மூடிகளைத் தாண்டித் தாண்டி வந்த சின்னவளிடம், கத்தலாம்டி, ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தாள். சின்னவள் நின்றாள்.

"அப்ப அக்கா பொய் சொன்னாளா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சின்னவளுக்குக் குரல் திரும்பிவிடும். பெரியவள் பொய்க்காரி ஆவாள், அதைவிடப் பெரிய தண்டனையை ஏற்கெனவே அனுபவிக்கிற பிள்ளைக்கு இது என்ன பிரமாதம். செக்கரக்காவுக்கு அந்த 'ஆமாம்' நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

"இல்ல," என்றாள்.

"அப்ப யாரு?"

செக்கரக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னவள் பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போயிருந்தாள். பெரியவள் மேசை விரிப்பின் மேல் போர்வையை மடித்துப் போட்டுப் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெயின்டர் நாற்காலி மேல் ஏறி மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். செக்கரக்கா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"உனக்கு வந்தது கத்தல் மரு இல்ல," என்றாள். "அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அது ஒரு வைரஸ். என்கிட்ட இருந்துச்சு. நீ பிறக்கும்போது என்கிட்டேருந்து உனக்கு வந்துடுச்சு. நீ கத்தினதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

பெரியவள் சட்டைக் கையின் சுருக்கத்தை நீவி முடித்துவிட்டுத்தான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எப்பேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து."

"ஒவ்வொரு வாட்டியும் உள்ள போகும்போது சொன்னேன்ல, கத்தவே இல்லம்மான்னு."

"சொன்ன."

"நீ தெரியும்னு சொன்ன."

"ஆமா."

"நெஜமாவே தெரிஞ்சுதான் சொல்லியிருக்க."

அந்தத் தேய்ந்த குரலில் கோபம் எது, சாதாரணம் எது என்று பிரித்தெடுக்க வெளியாரால் முடியாது. தாயால் முடிந்தது. பெயின்டர் நாற்காலியிலிருந்து இறங்காமலே கேட்டான்.

"அப்ப என் பெயின்ட்டு?"

"அதுக்கும் சம்பந்தம் இல்லங்க."

"இத்தன வருஷமா நட்டு போல்ட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன்டி," என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. துணியை மடித்தான், பிரித்தான். பிறகு அவள் அத்தனை வருடமாகப் பயந்திருந்த கேள்வி வந்தது. "உனக்கு அது எங்கேருந்து..." என்று ஆரம்பித்தவன், மகள் நிற்பதைப் பார்த்தான். அந்தக் கேள்விக்கு இரண்டு முனை உண்டு என்பதும், ஒரு முனை தன் கல்யாணத்துக்கு முந்தைய ஒர்க்‌ஷாப் நாட்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதும் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். இறக்கையின் மறுபக்கத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

செக்கரக்கா மகளிடம், தன்னால்தான், தான் நர்ஸ் சொன்னதைக் கேட்டுக் காட்டியிருக்க வேண்டும், தன் உடம்பிலிருந்துதான், என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். இந்தப் பேச்சை அவள் பல வருடமாக மனதுக்குள் தைத்துப் பிரித்துத் தைத்து வைத்திருந்தாள். பெரியவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வைரஸ நீ குடுக்கலம்மா. அது தானா வந்துச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ? 'கத்தாத'ன்னு சொன்னியே, தெரிஞ்சப்பறமும் சொன்னியே. அதத்தான் நீ குடுத்த."

செய்யாத குற்றத்துக்கே அத்தனை வருடமும் அழுது, அதற்குள் மறைந்து உட்கார்ந்திருந்ததில், செய்த குற்றத்தை செக்கரக்கா ஒருமுறைகூட மேசையில் விரித்துப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள். யாருடைய கை என்பதில் சந்தேகம் இல்லை.

"ஆமா," என்றாள். "அது நான்தான்."

பெரியவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. சீருடையை ஹேங்கரில் மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்த் தங்கையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நான் சொன்னது தப்பு, எனக்கு வந்தது வேற, நீ கத்து என்று சொன்னாள். சின்னவள் நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். அக்கா வேணும்னு பொய் சொல்லல, நான் அவகிட்ட தப்பாச் சொல்லியிருந்தேன் என்றாள் செக்கரக்கா. சின்னவள் அன்று கத்தவில்லை. சாயங்காலம் வரைக்கும் தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினாள்.

ஊரார் இதைக் கேட்டால் சிலர் அவளைப் பாவம் என்பார்கள், சிலர் படுபாவி என்பார்கள். அவள் செய்தது இதுதான்: மகளிடம் பதினொரு வருடம் பொய் சொன்னாள், பிறகு கணவனும் இருக்கும்போது உண்மையைச் சொன்னாள்.